இருபத்து மூன்று கிலோமீட்டர்

1984 ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, ஒரே பரீட்சையை மூன்றாவது தடவையாக எழுதிவிட்டு நான் ஹாலை விட்டு வெளியே வந்தேன். பி.எஸ்சி. கணிதத்தில் கிராஃப் தியரி என்று ஒரு தாள். புள்ளிகளும் அவற்றைச் சேர்க்கும் கோடுகளும்தான் பாடம். புள்ளியை ஊர் என்று வைத்துக்கொண்டால் கோடு ரோடு. புள்ளியை மனிதன் என்று வைத்துக்கொண்டால் கோடு சொந்தபந்தம். சின்னக் குழந்தைகூடப் போட்டுவிடும் என்று வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். மூன்று தடவையும் பரீட்சைக்குச் சின்னக் குழந்தை யாரும் வரவில்லை. நான்தான் வந்தேன்.

மற்ற தாள்களிலெல்லாம் எப்படியோ தேறியிருந்தேன். இது ஒன்றுதான் அரியர். முதல் தடவை இருபத்தொன்பது மார்க், இரண்டாம் தடவை முப்பத்தொன்று. நாற்பது எடுத்தால் பாஸ். தடவைக்கு இரண்டு மார்க் வீதம் ஏறினால் இன்னும் ஐந்து தடவையில் பாஸாகிவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கு மட்டும் எனக்குச் சரியாக வந்தது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் பொறுமை இல்லை. அந்த ஏப்ரலோடு பழைய பாடத்திட்டம் முடிகிறது, தேறாதவர்கள் புதிய பாடத்திட்டத்தில் முதல் தாளிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்கள்.

புதிய பாடத்திட்டத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி என் தங்கை திரௌபதி. அதே கல்லூரி, அதே கணிதம், முதல் வருஷம். அதாவது, நான் இந்தத் தடவையும் கோட்டை விட்டால் அடுத்த பரீட்சைக்கு அண்ணனும் தங்கையும் ஒரே ஹாலில். அடி அண்ணாமலையிலிருந்து ஒரே சைக்கிளில் வந்து, ஒரே கேள்வித்தாளை வாங்கி எழுத வேண்டும். அன்று காலை நான் கிளம்பும்போதே அவள் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அண்ணா, எனக்குப் பக்கத்து சீட்டு வந்தா எட்டிப் பாக்கக் கூடாது. மிஸ் கிட்ட சொல்லிடுவேன்."

இந்த ஆசீர்வாதத்தோடு போய் எழுதிவிட்டு வந்திருந்தேன்.

கல்லூரி வாசலுக்கு எதிரே புங்க மரத்தடியில் தனம் அக்காவின் டீக்கடை. அங்கே ஒரு நீள பெஞ்சு. பரீட்சை முடிந்ததும் கடைசி வருஷத்து ஆட்கள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாக விடையை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ஒரு சட்டம் உண்டு. விடை தப்பானவன் எழுந்து நிற்க வேண்டும். அடுத்த கேள்விக்குச் சரியான விடை சொன்னால் மறுபடி உட்காரலாம். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது தரணேந்திரன். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்து ஜைனக் குடும்பத்துப் பையன். சட்டைக் காலர் கசங்காதவன், பேச்சில் ஒரு சொல் ஜாஸ்தி இல்லாதவன். மூன்று வருஷமாக அவன் அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு தடவைகூட எழுந்ததில்லை. அவன் விடைதான் விடை. பல்கலைக்கழகம் அதைப் பின்னால் ஒப்புக்கொள்ளும்.

எல்லாரும் எனக்கு ஒரு வருஷம் ஜூனியர்கள். அதனால் என்னை 'சீனியர்' என்று கூப்பிடுவார்கள். மரியாதைதான், ஆனால் கூப்பிடும்போது வாய் லேசாகக் கோணும்.

"வாங்க சீனியர், ஒக்காருங்க. நிக்கறதுக்குத்தான் நெறைய நேரம் இருக்கே" என்றான் பரசுராமன். தேரடித் தெருப் பையன். தன் மார்க்கை ஒருநாளும் கூட்டிப் பார்க்காதவன், அடுத்தவன் மார்க்கை விரல் விட்டு எண்ணுவதில் கெட்டி.

"சும்மா இரு பரசு" என்றாள் சந்திரகலா. செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு; மாடி அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். தரணேந்திரனுக்கு அடுத்த மார்க் எப்போதும் அவளுடையது. "சீனியர், இந்த வாட்டி எப்படிங்க?"

"நாப்பது தேவை. அதுக்கு மேல வந்தா ஏழைங்களுக்குக் கொடுத்துடறதா வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றேன். சிரித்தார்கள். நான் கையிலிருந்த கேள்வித்தாளை இன்னும் ஒரு மடிப்பு மடித்தேன்.

தரணேந்திரன் கேள்வித்தாளை முழங்காலில் விரித்தான்.

முதல் கேள்வி வரையறைகள். பத்து மார்க். மனப்பாடம் செய்த வரைக்கும் எழுதியிருந்தேன். எட்டு கொடுக்கலாம் என்று தீர்ப்பு. பரசுராமன் எனக்காக விரலை மடக்கினான்.

இரண்டாவது, கையை எடுக்காமல் ஒரே கோட்டை இரண்டு தடவை போடாமல் இந்தப் படத்தை வரைய முடியுமா?

"முடியாது. ஒத்தைப்படைப் புள்ளி நாலு இருக்கு" என்றான் தரணேந்திரன்.

"நான் வரைஞ்சிட்டேனே" என்றேன்.

"எப்படிங்க?"

"ஒரு கோட்டுல மட்டும் ரெண்டு வாட்டி போனேன். வேகமா போயிட்டேன்."

எழுந்து நின்றேன். பதினைந்து மார்க் போயிற்று.

மூன்றாவது ஒரு நிரூபணம். மனப்பாடம். எட்டு. உட்கார்ந்தேன். நான்காவது, படத்துக்கு வண்ணம் அடிப்பது. மூன்று வண்ணம் போதும் என்றார்கள். நான் ஐந்து போட்டிருந்தேன். "கைய அடக்கி வாழத் தெரியாத குடும்பம்" என்றான் பரசுராமன். இரண்டு மார்க். எழுந்தேன். ஐந்தாவது, எட்டு ஊருக்கும் கரண்ட் கம்பி இழுக்க எவ்வளவு கம்பி வேண்டும் என்பது. வழி சரி, கூட்டலில் தப்பு. ஆறு மார்க், ஆனால் விடை தப்பு. அதனால் நின்றுகொண்டே இருந்தேன்.

"எட்டு, எட்டு, ரெண்டு, ஆறு. இருபத்தி நாலு" என்றான் பரசுராமன். "ஏழாவது கேள்வி?"

"அதைத் தொடலை. பேப்பர் சுத்தமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்போ ஆறாவதுதான் சீனியர். இருபது மார்க். அது இருந்தா பொழைச்சீங்க."

யாரும் சிரிக்கவில்லை. தனம் அக்காகூட டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஆறாவது கேள்வியைப் படித்தபோது ஹாலிலேயே ஒரு சலசலப்பு எழுந்தது. ஒரு மலையைச் சுற்றி வட்டமாக எட்டு ஊர்கள். ஏ, பி, சி என்று எச் வரைக்கும் பெயர். ஒவ்வொரு ரோட்டுக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. இரண்டு குறுக்குப் பாதைகளும் உண்டு. ஏ ஊரிலிருந்து எஃப் ஊருக்கு ஒரு ஜீப் மருந்து கொண்டுபோக வேண்டும். மிகக் குறைந்த தூரம் எது? கேள்வி எடுத்தவர் மெட்ராஸில் எங்கேயோ உட்கார்ந்து எடுத்திருப்பார். அவருக்கு எங்கள் ஊர்க் கிரிவலப் பாதை நினைவிலேயே இருந்திருக்காது. ஆனால் படத்தைப் பார்த்ததும் எங்கள் எல்லாருக்கும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

"இருபத்தேழு" என்றான் தரணேந்திரன்.

"இருபத்தேழு" என்றாள் சந்திரகலா. "நேரா போனா இருபத்தொம்பது. பியிலிருந்து டிக்குக் குறுக்குப் பாதையில போனா ரெண்டு கம்மி. அந்த இடத்துலதான் நம்மள மாட்ட வச்சிருக்காங்க."

"நானும் இருபத்தேழு!" பரசுராமன் தொடையில் தட்டிக்கொண்டான். பெஞ்சில் இருந்த மற்ற நாலு பேரும் இருபத்தேழுதான். அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவர்களும் "இருபத்தேழு, இருபத்தேழு" என்றார்கள். தேர் இழுப்பவர்கள் ஒரே குரலில் சத்தம் போடுகிற மாதிரி இருந்தது.

"சீனியர்?"

நான் தரையைப் பார்த்தேன். "இருபத்தி மூணு."

பரசுராமன் மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

எனக்கு அப்போது திரௌபதியின் முகம்தான் தெரிந்தது. சைக்கிளின் முன்னால் நான், பின்னால் அவள், இரண்டு பேர் கையிலும் ஹால் டிக்கெட். சிரித்துச் சமாளிக்கலாம் என்று ஏதாவது ஒரு ஜோக்குக்காக மனசுக்குள் துழாவினேன். என்னிடம் எப்போதும் ஒன்று இருக்கும். அன்று இல்லை.

"இருபத்தி மூணு எப்படிங்க வந்துச்சு?" என்றாள் சந்திரகலா. கிண்டலாகக் கேட்கவில்லை. "கூட்டல்ல விட்டிருந்தீங்கன்னா வழிக்காவது மார்க் வாங்கலாம். சொல்லுங்க."

"ஏயிலிருந்து எச்சுக்கு ஒம்பது. எச்சிலிருந்து ஜிக்கு ஆறு. ஜியிலிருந்து எஃப்புக்கு எட்டு."

அவள் விரல் கேள்வித்தாளில் அந்த வழியே போயிற்று. பாதியில் நின்றது.

"எதிர்சுத்துல போயிருக்கீங்க!"

"என்னாது?" பரசுராமன் எட்டிப் பார்த்தான். "சீனியர்! மலைய இடது கைப்பக்கம் வச்சிக்கிட்டா ஜீப்ப வுட்டீங்க? மருந்து வேற ஏத்திக்கிட்டு? அந்த ஊர்க்காரன் பொழைப்பானா?"

"எங்க ஜினாலயத்துலகூட வலமாத்தான் வருவோம்" என்றான் தரணேந்திரன் வருத்தத்தோடு.

"எங்க மாடியில ஒரு வெள்ளைக்காரரு இருந்தாரு" என்றாள் சந்திரகலா. "ஒரு நாள் தெரியாம எதிர்ப்பக்கமா சுத்தக் கெளம்பிட்டாரு. எங்கம்மா கையில கரண்டியோட அக்னி லிங்கம் வரைக்கும் தொரத்திப் போய்த் திருப்பிக் கூட்டியாந்தாங்க."

"நான் என்னா பண்றது?" என்றேன். "நான் ஒண்ணும் யோசிச்சுப் போடலை. எங்க ஊரு மலைக்குப் பின்னால. தெனம் காலேஜுக்கு அங்கேருந்து செங்கம் ரோடு வழியா வர்றேன். நாலு வருஷமா மலை எனக்கு எடது கைப்பக்கம்தான். பௌர்ணமி மறுநாள் காலையில மிச்சம் இருக்கற கூட்டம் எதிர்ல வந்து திட்டும். பழகிப்போச்சு. பேனா தானா அப்படிப் போயிடுச்சு."

உண்மையைத்தான் சொன்னேன். என் புத்திசாலித்தனத்துக்கு அந்த விடையில் ஒரு பங்கும் இல்லை. ஹாலில் இருந்த நாற்பது பேரும் பழக்கத்தால் ஒரு பக்கம் போனார்கள். நான் பழக்கத்தால் மறுபக்கம் போனேன்.

"அது சரிங்க, ஆனா ரூல்படி..." என்று ஆரம்பித்த சந்திரகலா நிறுத்தினாள். "எந்த ரூல்படி?"

அவள் மறுபடி கேள்வித்தாளைப் பார்த்தாள்.

"தரணேந்திரன், ஒரு பக்கமாத்தான் போகணும்னு கேள்வியில எங்க போட்டிருக்கு?"

"அம்புக்குறி இருக்கே" என்றான் அவன்.

"எங்க?"

அவன் தன் கேள்வித்தாளை நீட்டினான். அம்புக்குறி இருந்தது. ஒவ்வொரு ரோட்டின் மேலும் ஸ்கேல் வைத்து, கூர்மையான பென்சிலால், அளவு பிசகாமல் போட்ட அம்புக்குறி. எல்லாம் வலமாக. சந்திரகலா தன் தாளைப் பார்த்தாள். அதிலும் இருந்தது, அவளுடையது ஊதா மையில். பரசுராமன் தாளில் பால்பாயின்ட் பேனா. கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுகிறோம் என்று யாராவது யோசித்தா கழற்றுகிறார்கள்? அப்படித்தான் ஒவ்வொருவரும் கேள்வியைப் படித்ததும் முதல் வேலையாக அம்புக்குறி போட்டு வைத்திருந்தார்கள்.

என் தாளில் ஒன்றும் இல்லை. சந்திரகலா அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கேள்வியின் கடைசி வரியை மெதுவாகப் படித்தாள்.

"எல்லாச் சாலைகளிலும் இரு திசைகளிலும் செல்லலாம்."

தனம் அக்காவுக்குக் கணிதம் தெரியாது. ஆனால் சபையின் முகம் தெரியும். "அப்போ நம்ம தம்பிதான் ஜெயிச்சுதா?" என்று கேட்டாள்.

"இருபத்தேழு பெருசா, இருபத்தி மூணு பெருசாக்கா?" என்றான் பரசுராமன். அவன் குரல் கம்மிப் போயிருந்தது.

"இருபத்தேழு."

"கம்மியாப் போறவன்தான் ஜெயிச்சவன்."

தரணேந்திரன் எழுந்து நின்றான்.

சட்டம் அவன் போட்டது, அவனே நிறைவேற்றினான். மூன்று வருஷத்தில் முதல் தடவை. அவன் எழுந்ததும் சந்திரகலா எழுந்தாள், பரசுராமன் எழுந்தான், மற்ற நாலு பேரும் எழுந்தார்கள். பெஞ்சு காலியாகிவிட்டது.

"ஒக்காருங்க சீனியர்" என்றான் தரணேந்திரன். இந்தத் தடவை அந்தச் சொல்லில் கோணல் இல்லை.

இந்த இடத்தில் நான் கம்பீரமாக நடந்துபோய் நடுவில் உட்கார்ந்தேன் என்று எழுத ஆசைதான். நான் எப்போதும் உட்காருகிற ஓரத்தில் உட்கார்ந்தேன். எதிர்முனையில் பாரம் இல்லாததால் பெஞ்சு அப்படியே தூக்கிக்கொண்டது. தனம் அக்கா கிளாஸ் கழுவி ஊற்றிய தண்ணீரில் போய் விழுந்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பேன்ட் நனைந்து முழங்கை சிராய்த்து அப்படிச் சிரித்ததை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்கிறது.

தரணேந்திரன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். தூக்கிய கையை விடாமல் கேட்டான்.

"விடை மட்டும் எழுதினீங்களா, அந்தப் பக்கம் எவ்வளவுன்னும் காட்டினீங்களா? எல்லா வழியையும் பார்த்து, இதுதான் குறைவுன்னு காட்டணும். வெறும் விடைக்கு முழு மார்க் வராது."

சிரிப்பு நின்றது. நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. மூன்று ரோட்டையும் படம் போட்டுக் காட்டி, கூட்டி, இருபத்து மூன்று என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன். அவ்வளவுதான்.

"பத்து கொடுப்பாங்க" என்றாள் சந்திரகலா தயக்கத்தோடு.

"முப்பத்தி நாலு" என்றான் பரசுராமன்.

"பத்து எப்படிக் குடுக்க முடியும்?" தரணேந்திரன் அவள் பக்கம் திரும்பினான். அவன் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "வழி சரி. தூரம் சரி. படம் போட்டிருக்காரு. வழிக்கு எட்டு, விடைக்கு எட்டு. ஒப்பிட்டுக் காட்டாததுக்கு நாலு மார்க் கழிக்கலாம், அதுக்கு மேல ஒரு மார்க் கழிக்க எவனுக்கும் உரிமை கெடையாது. திருத்தறவரு நம்ம ஹால் பேப்பர்ல எத்தனையில இந்த விடையப் பார்க்கப் போறாரு? ஒண்ணே ஒண்ணு! இருபத்தேழு, இருபத்தேழுன்னு பார்த்துச் சலிச்சுப்போய் இவரு பேப்பருக்கு வரும்போது அந்த மனுஷனுக்கு டீ குடிச்ச மாதிரி இருக்கும். பதினாறு!"

அந்த ஒரு கேள்வியில் இருபது மார்க்கை இழந்துவிட்டு நின்றவன் பேசியது இது. பல்கலைக்கழக ரேங்க் வாங்குவான் என்று கல்லூரியே எதிர்பார்த்திருந்த பையன். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீரில் விழுந்ததால் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பரசுராமன் மறுபடி விரலை மடக்கினான். இரண்டு கை போதவில்லை. என் கையையும் இழுத்து மடக்கினான்.

"இருபத்தி நாலும் பதினாறும்..."

அவன் முடிப்பதற்குள் தனம் அக்கா கத்தினாள்: "நாப்பது!"

அப்புறம் நடந்ததை ஊர்வலம் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த ஹாலிலிருந்து வந்தவர்களிடம் பரசுராமன் ஓடிப்போய், "ஆறாவதுக்கு என்னாடா?" என்று கேட்பான். அவர்கள் நிம்மதியாக "இருபத்தேழு" என்பார்கள். "அங்க போய் நில்லு. சீனியர் சொல்வாரு" என்று அனுப்பிவைப்பான். நான் கரித்துண்டால் தரையில் வட்டம் போட்டு, எட்டுப் புள்ளி வைத்து, மலையை இடப்பக்கம் விட்டு ஜீப்பை ஓட்டிக் காட்டினேன். ஏழெட்டுத் தடவை ஓட்டியிருப்பேன். நாலு வருஷமாக என்னிடம் யாரும் ஒரு விடை கேட்டதில்லை. அன்று ஒருவன், "சீனியர், ஏழாவது கேள்விக்கும் சொல்லுங்க" என்று கேட்டான். "அதை நான் தொடறதில்லை" என்றேன். ஏதோ விரதம் என்று நினைத்துக்கொண்டு பயபக்தியோடு போய்விட்டான்.

எல்லாரும் போன பிறகு தரணேந்திரன் பஸ்ஸுக்குக் கிளம்பினான். "ரேங்க்?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"மீதித் தாள்ல பார்த்துக்கலாம்" என்றான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான். "நல்ல விடைங்க அது. எனக்கு வந்திருக்கணும்."

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை.

ஜூனில் ரிசல்ட் வந்தது. நாற்பத்து மூன்று. தரணேந்திரன் போட்ட கணக்குக்கு மேல் அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று தெரியாது. விசாரித்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்களோ என்று விசாரிக்கவில்லை. அவனுக்கு எழுபத்தெட்டு. மற்ற தாள்களில் அள்ளிக்கொண்டு வந்து ஒன்பதாவது ரேங்க் வாங்கிவிட்டான். செய்தி சொல்ல சந்திரகலா நோட்டீஸ் போர்டிலிருந்து தனம் அக்கா கடை வரைக்கும் ஓடி வந்தாள்.

நான் சைக்கிளை மிதித்து ஊருக்குள் நுழைந்தபோது தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு குடம் வரிசை. கடைசியில் திரௌபதி.

"என்னாச்சு?" என்றாள். கேலி இல்லை. முகம் வெளுத்திருந்தது. ராத்திரி முழுக்க அவளும் தூங்கவில்லை போலிருக்கிறது.

"நாப்பத்தி மூணு."

அவள் இடுப்பிலிருந்த குடத்தைத் தரையில் வைத்தாள். நான் ஏதாவது நக்கலை எதிர்பார்த்து நின்றேன். அவள் வரிசையைப் பார்த்துத் திரும்பி, கோயில் மணிக்குச் சவால் விடுகிற குரலில் கத்தினாள்.

"எங்கண்ணன் பாஸ் பண்ணிட்டான்! பி.எஸ்சி.! ஹால்லயே ஒருத்தருக்கும் வராத சம் இவனுக்கு மட்டும் வந்துச்சு!"

அந்தக் கதையை நான் ஏப்ரலிலேயே வீட்டில் நாலைந்து தடவை சொல்லியிருந்தேன். ஒவ்வொரு தடவையும் "போதும்ணா" என்பாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டு வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் குடத்தோடு நின்றிருந்த சந்திரம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கள் தெருவில் குழாய்ச் சண்டையில் தோற்றே அறியாத பெண்மணி. தன் குடத்தைக் குழாயடியிலிருந்து இழுத்து ஓரமாக வைத்தாள்.

"பட்டதாரி வூட்டுக் கொடம். மொதல்ல புடிங்க" என்றாள்.

பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சந்திரம்மாள் திரும்பிப் பார்த்ததும் அதுவும் அடங்கிற்று. திரௌபதி குடத்தை நேராக எடுத்துப்போய்க் குழாயடியில் வைத்தாள். நிரம்பியதும் நான் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன். வீடு வரைக்கும் சட்டை முழுக்கத் தண்ணீர் சிந்திக்கொண்டே போயிற்று; பாதிக் குடம்தான் போய்ச் சேர்ந்தது. திரௌபதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தாள்.